மறைத்து வைத்த கடிகாரம்: மியூவானின் காந்தத்தன்மையும் புதிய இயற்பியலின் தேடலும்

பருப்பொருளின் அடிப்படைத் துகள்களையும் அவற்றிடையே இயங்கும் விசைகளையும் ஒரே கணிதச் சட்டகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் கோட்பாட்டை இயற்பியலார் செந்தர மாதிரி என அழைக்கின்றனர். 1970-களில் இன்றைய வடிவத்தைப் பெற்ற இக்கோட்பாடு, 2012-இல் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வகத்தில் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்டதோடு, தான் முன்னுரைத்தவற்றுள் எஞ்சியிருந்த கடைசித் துகளையும் பெற்றுவிட்டது. எனினும் ஈர்ப்பு விசைக்கு அதில் இடமில்லை. விண்மீன் மண்டலங்களைச் சிதறாமல் பிடித்துவைத்திருக்கும் கரும்பொருள் எதனால் ஆனது என்பதற்கு அதில் விடையில்லை. நியூட்ரினோக்களுக்கு நிறை உண்டு என்பது ஆய்வுகளால் உறுதிப்பட்ட பின்னும் அந்நிறை வந்த வழியை அது சொல்வதில்லை. இக்கோட்பாட்டின் எல்லைக்கு அப்பால் இருக்கக்கூடிய துகளையோ விசையையோ நாடும் முயற்சிகள் அனைத்தும் ‘புதிய இயற்பியலைத் தேடுதல்’ என்ற பொதுப்பெயரால் குறிக்கப்படுகின்றன.

இத்தேடலுக்கு இரண்டு வழிகள் உண்டு. செர்னில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் நடப்பதுபோல், புரோட்டான்களைப் பேராற்றலுடன் மோதவிட்டு, அம்மோதலில் புதிய துகள் பிறக்கிறதா எனப் பார்ப்பது ஒரு வழி. நன்கு அறியப்பட்ட ஒரு துகளின் ஏதேனும் ஒரு பண்பை மிக நுணுக்கமாக அளந்து, கோட்பாடு தரும் எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, இரண்டும் எங்கே பிரிகின்றன எனப் பார்ப்பது மற்றது. முதல் வழி பரவலாக அறியப்பட்டது. இரண்டாவது வழியில் கிடைப்பது ஓர் எண் மட்டுமே என்பதால் அது செய்தித்தாள்களில் இடம்பெறுவது அரிது. ஆனால் பல்கலைக்கழகத் துறைகளும் அங்குள்ள முனைவர் பட்ட ஆய்வாளர்களும் தம் உழைப்பை முழுமையாகக் காட்டுவதற்கு அதுவே உரிய களம். அவ்வழியில் எழுபது ஆண்டுகளை நெருங்கும் வரலாறு கொண்ட மியூவான் ‘ஜி கழித்தல் இரண்டு’ ஆய்வே இவ்வுரையின் பொருள்.

எலெக்ட்ரானும் அதன் உறவுத் துகளான மியூவானும் தற்சுழற்சி என்னும் பண்பை உடையவை. அதனால் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தம்போல் நடந்துகொள்கிறது. காந்தப் புலத்தில் வைக்கப்படும்போது அத்துகளின் சுழலச்சு, வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுவதுபோல், புலத்தின் திசையைச் சுற்றி மெல்ல வட்டமிடுகிறது. பஞ்சாங்கம் கணிப்போர் அயனாம்சம் என்று கழிக்கும் விலகல்கூடப் பூமியின் அச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாறு தலையாட்டி முடிப்பதால் விளைவதே. மியூவானின் ஆட்டமோ ஒரு நொடிக்கு இலட்சக்கணக்கான முறை நிகழ்வது. துகளின் தற்சுழற்சிக்கும் அதன் காந்தத் திருப்புத்திறனுக்கும் உள்ள விகிதத்தை ஜி என்னும் எண் குறிக்கிறது. 1928-இல் பால் டிராக் எழுதிய சமன்பாட்டின்படி அதன் மதிப்பு சரியாக 2. 1947-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாலிகார்ப் குஷ்ஷும் ஹென்றி ஃபோலியும் எலெக்ட்ரானுக்கு அளந்தபோது அது 2-ஐவிட ஆயிரத்தில் ஓரிரு பங்கு மிகுந்திருந்தது.

அம்மிகுதிக்குக் காரணம் காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜூலியன் ஷ்விங்கர். குவாண்டம் கோட்பாட்டின்படி வெற்றிடம் வெறுமையானதன்று. அதில் துகள்கள் கணப்பொழுது தோன்றி மறைந்தவண்ணம் இருக்கின்றன. அவற்றோடு ஏற்படும் ஊடாட்டத்தால் சுழலும் துகளின் காந்தத்தன்மை சிறிது மாறுகிறது. இம்மாற்றங்களுள் முதன்மையானதை 1948-இல் கணித்த ஷ்விங்கர், மின்விசையின் வலிமையைக் குறிக்கும் ஆல்ஃபா என்ற மாறிலியை இரண்டு பை-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.00116 என்ற எண்ணே ஜி-யின் மிகுதியில் பாதி எனக் காட்டினார். கேம்பிரிட்ஜ் நகரத்தை ஒட்டிய மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அவருடைய கல்லறைக் கல்லில், பெயருக்கு மேலே, இந்தச் சிறு வாய்பாடுதான் செதுக்கப்பட்டிருக்கிறது. ஜி-யிலிருந்து இரண்டைக் கழித்து மீதியைப் பாதியாக்கினால் வருவது முரண்மிகுதி எனப்படும். ஆய்வாளர்கள் அளப்பதும் கணிப்பதும் அம்மிகுதியையே. வெற்றிடத்தில் தோன்றி மறையும் துகள்களுள் இதுவரை எவரும் அறியாத ஒன்று இருக்குமாயின், அதுவும் அந்த எண்ணில் தன் பங்கைச் சேர்த்தே தீரும் என்பதுதான் இத்தேடலின் அடிப்படை.

எலெக்ட்ரானை விட்டு மியூவானைத் தேர்ந்ததற்குக் காரணம் நிறை. மியூவான் எலெக்ட்ரானைப்போல் 207 மடங்கு நிறையுள்ளது. அறியப்படாத கனமான துகளின் தாக்கம் நிறையின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மியூவானிடம் அத்தாக்கம் எலெக்ட்ரானிடம் இருப்பதைப்போல் ஏறத்தாழ 43,000 மடங்கு பெரிதாகத் தெரியும். மியூவான் கிடைத்தற்கரிய பொருளும் அன்று. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதிப் பிறப்பிக்கும் மியூவான்கள், விரித்து வைத்த உள்ளங்கை ஒன்றின் வழியே நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் ஊடுருவிப் போய்க்கொண்டிருக்கின்றன. மதுரையை அடுத்த வடபழஞ்சியில் 85 டன் இரும்புக் காந்தத்தைக் கொண்ட உணர்கருவி அவ்வாறு வரும் மியூவான்களைப் பதிவுசெய்திருக்கிறது. ஓய்வு நிலையில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 2.2 பங்குதான் மியூவானின் சராசரி ஆயுள். அதற்குள் அதன் தலையாட்டத்தை அளந்தாக வேண்டும் என்பதே இவ்வாய்வின் தனிச் சவால்.

செர்னில் 1950-களின் இறுதியில் தொடங்கி 1970-களின் இறுதிவரை மூன்று கட்டங்களாக நடந்த அளவீடுகள், கடைசிக் கட்டத்தில் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு என்ற அளவுக்குப் பிழையைக் குறைத்தன. பின்னர் யேல் பல்கலைக்கழகத்தின் வெர்னன் ஹியூஸ் முன்னின்று நடத்த, நியூயார்க் மாநிலத்தின் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் சுமார் 15 மீட்டர் விட்டமுள்ள மீகடத்திக் காந்த வளையம் அமைக்கப்பட்டது. அங்கிருந்து 2001 பிப்ரவரியில் வெளியான முடிவு, கோட்பாட்டெண்ணிலிருந்து 2.6 திட்ட விலக்கம் தள்ளி நின்றது. தற்செயலால் விளையக்கூடிய ஏற்ற இறக்கத்தைப்போல் எத்தனை மடங்கு தொலைவில் ஒரு வேறுபாடு நிற்கிறது என்பதைச் சொல்லும் அளவே திட்ட விலக்கம். துகள் இயற்பியலில் ஐந்தை எட்டினால்தான் கண்டுபிடிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்தும் மரபு உண்டு. 2.6 அதற்கு நெடுந்தூரம் குறைவானதாயினும், புதிய துகள்களைக் கொண்டு அந்த வேறுபாட்டை விளக்க முற்பட்ட கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன.

அதே ஆண்டின் இறுதியில் பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த மார்க் க்னெக்ட், ஆந்திரியாஸ் நைஃபெலர் ஆகிய இருவரும், கோட்பாட்டுக் கணக்கின் ஒரு சிறு உறுப்புக்கு முன்னே கழித்தல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறி இருக்கவேண்டும் எனக் காட்டினர். அவ்வுறுப்பை முன்னரே ஒன்றுக்கொன்று தொடர்பின்றிக் கணித்திருந்த இரண்டு குழுக்களும் தவறான அதே குறியைத்தான் பெற்றிருந்தன; ஒத்துப்போயின என்பதே அவற்றை மெய்யென நம்பப் போதுமானதாகத் தோன்றியிருந்தது. அக்குழுக்களுள் ஒன்றைச் சேர்ந்தவர்களான மசாஷி ஹயகாவாவும் கார்னெல் பல்கலைக்கழகத்தின் தோய்ச்சிரோ கினோஷிதாவும் தம் கணக்கை அடிமுதல் சரிபார்த்து, குறியீட்டு இயற்கணிதத்துக்குப் பயன்பட்ட கணினி நிரல் ஒரு பெருக்கலின் குறியை வேறு மரபில் கையாண்டதே பிழைக்கு வேர் எனக் கண்டு, அதைச் சில வாரங்களிலேயே எழுத்தில் வெளிப்படுத்தினர். வேறுபாடு 1.6 திட்ட விலக்கமாகச் சுருங்கியது. பிற்காலத்தில் மின்காந்தப் பங்கை மட்டும், துகள்களின் ஊடாட்டங்களைக் குறிக்கும் 12,672 வரைபடங்கள் கொண்ட படிநிலைவரை கணித்து முடித்த குழுவை வழிநடத்தியவரும் இதே கினோஷிதாதான். அத்தகைய ஒருவர் தம் பிழையைத் தாமே வெளிப்படையாகச் சொன்னது, இத்துறை தன்னை நடத்திக்கொள்ளும் முறைக்கு அவர் விட்டுச்சென்ற கொடை. அவருடைய வரைபடங்களுக்கு அது சிறிதும் குறைந்ததன்று.

ப்ரூக்ஹேவனின் இறுதி முடிவு பத்து இலட்சத்தில் 0.54 பங்கு நுட்பத்துடன் அமைந்து, மறுபடியும் மூன்று திட்ட விலக்கத்தை ஒட்டிய வேறுபாட்டைக் காட்டியது. அதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. ஆகவே அதே வளையத்தைக்கொண்டு, சிகாகோ நகருக்கு மேற்கே உள்ள ஃபெர்மி ஆய்வகத்தின் செறிவு மிகுந்த மியூவான் கற்றையில் மீண்டும் அளப்பது என முடிவாயிற்று. இரும்புப் பகுதிகளைப் பிரித்துச் சரக்கு வண்டிகளில் அனுப்பலாம். மீகடத்திக் கம்பிச்சுருள்களைப் பிரிக்கவும் முடியாது, சில மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கவும் கூடாது. புதிதாகச் செய்வதற்கு ஆகும் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே ஆகும் என்பதால், 2013 ஜூன் மாதம் புறப்பட்ட அவ்வளையம், தெப்பக் கப்பலில் அட்லாண்டிக் கரையோரமாக ஃபுளோரிடாவைச் சுற்றி, ஆறுகளின் வழியே வடக்கே ஏறி, கடைசிக் கட்டத்தில் இரவுநேரங்களில் மூடப்பட்ட நெடுஞ்சாலைகளில் ஊர்ந்து, சுமார் 5,000 கிலோமீட்டர் பயணத்துக்குப்பின் ஜூலை இறுதியில் சென்றுசேர்ந்தது. தேரை நிலைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கவனத்தோடு நடந்த பணி அது.

அளவீடு நடக்கும் விதம் இது. நேர்மின்னேற்றம் கொண்ட மியூவான்கள், அனைத்தும் ஏறத்தாழ ஒரே திசையில் சுழலச்சு அமைந்தவையாய், ஒளியின் வேகத்தை நெருங்கி வளையத்துக்குள் செலுத்தப்படுகின்றன. அவ்வேகத்தில் சார்பியலின் விளைவாக அவற்றின் ஆயுள் 29.3 மடங்கு நீண்டு, நொடியின் பத்து இலட்சத்தில் 64 பங்காகிறது. இந்த 29.3 என்ற எண் தற்செயலானதன்று: கற்றை சிதறாமல் குவித்துவைக்கத் தேவைப்படும் மின்புலம் சுழலச்சைத் தொந்தரவு செய்யாதிருக்கும் ஒரே வேகம் அது என்பதைச் செர்னின் மூன்றாம் ஆய்வை அமைத்தோர் கண்டு பயன்படுத்தினர், இன்றும் ஆய்வாளர்கள் அதை மாய உந்தம் என்றே சொல்கின்றனர். ஜி சரியாக 2 ஆக இருந்தால், மியூவான் வளையத்தை எத்தனை முறை சுற்றினாலும் அதன் அச்சு செல்திசையையே நோக்கி நிற்கும். முரண்மிகுதி இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அச்சு ஏறத்தாழ 12 பாகை முந்திக்கொள்கிறது. 29 சுற்றுகளை ஒட்டி ஒரு முழு வட்டம் நிறைவுறுகிறது. முந்திக்கொள்ளும் அளவு நேரடியாக முரண்மிகுதிக்கு விகிதமானது என்பதால், ஜி முழுவதையும் அளந்து இரண்டைக் கழிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை.

அச்சின் திசையை அறிவிப்பது மியூவானின் அழிவுதான். சிதையும்போது அது வெளியிடும் பாசிட்ரான், பேராற்றல் பெற்றதாயின், சுழலச்சு நோக்கிய திசையிலேயே பெரும்பாலும் புறப்படுகிறது. வளையத்தின் உட்புறத்தை ஒட்டி 24 இடங்களில் வைத்த உணர்கருவிகள், ஒவ்வொன்றிலும் 54 ஈய ஃபுளூரைடு படிகங்கள் அடுக்கியவை, அந்தப் பாசிட்ரான்களை எண்ணுகின்றன. எண்ணிக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால், மியூவான்கள் குறையக் குறையத் தாழ்ந்துகொண்டே போகும் கோட்டின்மேல், நொடியின் பத்து இலட்சத்தில் 4.37 பங்குக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலை தெளிவாகத் தெரியும். வாஷிங்டன், கார்னெல், பாஸ்டன், கென்டக்கி, இல்லினாய் பல்கலைக்கழகங்களும், பிரிட்டனின் லிவர்பூல் பல்கலைக்கழகமும், பிற நாட்டு நிறுவனங்களும் இக்கருவிகளைப் பகிர்ந்து செய்தன. அவற்றைப் பூட்டி, சோதித்து, இரவுப் பணி பார்த்து, கடைசியில் ஒரேயொரு திருத்தக் காரணியின்மேல் ஆய்வேடு எழுதியவர்கள் மாணவர்கள்.

காந்தப் புலம் எவ்வளவு என்று தெரியாமல் தலையாட்டத்தின் வேகத்துக்குப் பொருளில்லை. 1.45 டெஸ்லா வலிமையுள்ள அப்புலத்தை ஒருசீராக்க, காகிதம்போல் மெல்லிய இரும்புத் தகடுகள் ஆயிரக்கணக்கில் வெட்டி ஒட்டப்பட்டன. வளையத்தைச் சுற்றிலும் பொருத்திய 378 உணரிகள் இடைவிடாது புலத்தைக் கண்காணிக்க, 17 உணரிகளைச் சுமந்த சிறு தள்ளுவண்டி ஒன்று சில நாட்களுக்கு ஒருமுறை வெற்றிடக் குழாய்க்குள் தண்டவாளத்தில் ஓடி, மியூவான்கள் செல்லும் பாதையின் புலத்தையே வரைபடமாக்கியது. இவை அனைத்துக்கும் அளவுகோல், தூய நீரில் உள்ள புரோட்டான்களின் தலையாட்டம். உலகின் மிக நுட்பமான அளவீடுகளுள் ஒன்று கடைசியில் ஒரு சிறு குழாய் நீரில் போய் நிற்கிறது என்பது வியப்புக்குரியது.

இனி வருவதே இவ்வாய்வின் உயிர்நிலை. எந்த எண் வரவேண்டும் என்று ஆய்வாளருக்குத் தெரிந்திருந்தால், அந்த எண் வரும்வரை பிழைகளைத் தேடி, வந்ததும் தேடலை நிறுத்திவிடும் இயல்பு நேர்மையானவரிடமும் உண்டு. இதைத் தடுப்பதற்காக, நேரத்தை அளக்கும் மூலக் கடிகாரத்தின் துடிப்பு, நொடிக்கு 4 கோடி என்ற எண்ணிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு சிறு அளவு மாற்றிவைக்கப்பட்டது. மாற்றியவர்கள் கூட்டாய்வுக் குழுவைச் சேராத இருவர். கடிகாரத்தின் முகப்பு மூடப்பட்டது. உண்மைத் துடிப்பு எழுதப்பட்ட உறைகள் ஃபெர்மி ஆய்வகத்திலும் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் பேழைகளில் பூட்டப்பட்டன. அதற்கு மேலும், தரவை ஆராய்ந்த தனிக்குழுக்கள் ஒவ்வொன்றும் தமக்குள் இன்னொரு மறைவெண்ணைச் சேர்த்துக்கொண்டன. ஆகவே பக்கத்து அறையில் இருப்பவரின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளவும் வழியில்லை. முதல் தொகுதித் தரவு எடுத்த காலத்தில், மின்புலத் தகடுகளுக்கான 32 மின்தடைகளில் இரண்டு பழுதுற்றிருந்தமை பின்னர் தெரியவந்தபோது, அதனால் கற்றை நகர்ந்த அளவைக் கணக்கிட்டுத் திருத்தியவர்கள், அத்திருத்தம் விடையைக் கோட்பாட்டுக்கு அருகே கொண்டுபோகிறதா, தொலைவுக்குத் தள்ளுகிறதா என்பதை அறியாமலேயே அதைச் செய்தனர்.

2021 பிப்ரவரி 25 அன்று, பெருந்தொற்றுக் காலமாதலால் பல நாடுகளிலிருந்தும் திரைவழியே கூடிய குழுவினர் முன்னிலையில் உறைகள் திறக்கப்பட்டன. மறைவெண்ணை உள்ளிட்டதும் வந்த விடை ப்ரூக்ஹேவனின் பழைய விடைக்கு மிக நெருங்கியிருந்தது. ஏப்ரல் 7 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, இரு ஆய்வுகளின் சராசரி, கோட்பாட்டாளர்கள் கூடி 2020-இல் வெளியிட்ட எண்ணிலிருந்து 4.2 திட்ட விலக்கம் தள்ளி நின்றது. தற்செயலாய் நேர்வதற்கு ஏறத்தாழ 40,000-இல் ஒரு வாய்ப்பே உடைய வேறுபாடு அது.

அதே நாளில் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு கட்டுரை வெளியாயிற்று. முரண்மிகுதியின் கணக்கில் மின்காந்தப் பங்கும் மெல்விசைப் பங்கும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தவை. தொல்லை தருவது வலுவிசையின் பங்கு. வெற்றிடத்தில் தோன்றும் ஒளித்துகள் கணநேரம் குவார்க்குகளாகப் பிரிந்து மீண்டும் ஒளித்துகளாகும் நிகழ்வைத் தாளிலும் பென்சிலிலும் கணக்கிட முடியாது. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிப் பையான் போன்ற துகள்களாக மாறும் வீதத்தை நோவோசிபிர்ஸ்க், ஃப்ராஸ்காட்டி, ஸ்டான்ஃபோர்டு முதலிய இடங்களில் அளந்து, அவ்வளவீடுகளிலிருந்து அப்பங்கைப் பெறுவதே வழக்கம். 2020-இன் எண் அவ்வாறு பெறப்பட்டது. அன்று வெளியான கட்டுரையோ வேறு வழியில் சென்றது. புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் வெளியையும் காலத்தையும் சம இடைவெளிப் புள்ளிகளாகப் பகுத்து, குவார்க்குகளின் சமன்பாடுகளை மீக்கணினியில் நேரடியாகத் தீர்க்கும் அணிக்கோவைக் கணிப்பு அது. அதன் விடை அளவீட்டுக்கு நெருக்கமாக அமைந்தது. 2023-இல் நோவோசிபிர்ஸ்கின் சிஎம்டி-3 கருவி தந்த புதிய மோதல் வீதங்கள், அதே நிறுவனத்தின் முந்தைய கருவியான சிஎம்டி-2 தந்தவற்றைவிட உயர்ந்திருந்தன. அவற்றை ஏற்றால் வேறுபாட்டின் பெரும்பகுதி கரைந்துவிடும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கடிகாரத்தை மறைத்துவைக்கும் ஒழுக்கம் அளவீட்டின் பக்கத்தில் இருந்த அளவுக்குக் கோட்பாட்டின் பக்கத்தில் நெடுங்காலம் இருக்கவில்லை. 2001-இல் கூட்டலும் கழித்தலும் இடம்மாறிக் கிடந்ததை இரண்டு குழுக்களின் ஒற்றுமை மறைத்ததுபோல், அளவீட்டின் விடை ஊரறிந்ததாக இருக்கையில் கணிப்பவரும் அதை நோக்கியோ அதைவிட்டு விலகியோ அறியாமல் சாயக்கூடும். 2021-க்குப் பின் முக்கியமான அணிக்கோவைக் குழுக்கள் பல, தம் கணிப்பின் எண்களை மறைவெண்ணால் பெருக்கி மூடிவைத்து, ஆய்வுமுறையை முடிவுசெய்து உறுதிப்படுத்திய பின்னரே திறக்கும் வழக்கத்தை மேற்கொண்டன. அவ்வாறு திறந்த விடைகள் தமக்குள் ஒத்துவந்தன. இவ்வாய்வு அறிவியலுக்கு அளித்தவற்றுள் இவ்வழக்கம் மிகப் பெரியது எனக் கொள்வதில் தவறில்லை.

2023 ஜூலையில், ப்ரூக்ஹேவனில் கிடைத்ததைப்போல் 21 மடங்கு என்ற இலக்கைத் தாண்டிய தரவு சேர்ந்தபின், வளையத்துக்குள் மியூவான்கள் செல்வது நிறுத்தப்பட்டது. 2025 ஜூன் 3 அன்று வெளியான இறுதி முடிவு, முரண்மிகுதியை 0.001165920705 எனத் தந்தது. பிழை எல்லை நூறு கோடியில் 127 பங்கு, திட்டமிட்ட 140 பங்கைவிடக் குறைவு. அதற்குச் சில நாட்கள் முன்னர் வெளியான கோட்பாட்டாளர்களின் புதிய அறிக்கை, மோதல் அளவீடுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதால் அவற்றை ஒதுக்கி, அணிக்கோவைக் கணிப்புகளின் சராசரியையே வலுவிசையின் முதன்மைப் பங்காக ஏற்றது. அதன்படி இரண்டு எண்களும் பிழை எல்லைக்குள் பொருந்துகின்றன. புதிய துகள் ஏதும் தென்படவில்லை. ஆனால் கோட்பாட்டின் எண்ணுக்கு 2020-இல் இருந்ததைவிடப் பிழை எல்லை அகன்றிருக்கிறது, அளவீட்டின் பிழை எல்லையைப்போல் நான்கு மடங்குக்கு மேல் அகன்றிருக்கிறது. தேடல் ஏமாற்றத்தில் முடிந்தது என்று இதைப் படிப்பது பிழையாகும். கோட்பாடு தன் இலக்கங்களைக் கூர்மையாக்கும் நாளில் ஒப்பிடுவதற்கு உரிய எண் ஆயத்தமாக இருக்கிறது.

தீராமல் நிற்பது மோதல் வீதங்களின் முரண்பாடு. ஒரே நிகழ்வை அளந்த நல்ல கருவிகள் ஏன் வெவ்வேறு விடை தருகின்றன என்பதற்கு இன்னும் காரணம் காணப்படவில்லை. பழைய தரவுகள் மறைவெண்ணோடு மறுபடியும் ஆராயப்பட்டு வருகின்றன. செர்னில் மியூஆன்-இ என்ற திட்டம், மியூவான்கள் எலெக்ட்ரான்களின்மேல் பட்டுச் சிதறும் கோணங்களிலிருந்து வலுவிசைப் பங்கை மூன்றாவது வழியில் பெற முனைந்துள்ளது. ஜப்பானின் டோக்காய் கிராமத்தில், மாய உந்தமும் குவிக்கும் மின்புலமும் தேவைப்படாதபடி மியூவான்களைக் குளிர்வித்து மெல்லிய கற்றையாக்கி, 15 மீட்டர் வளையத்துக்குப் பதிலாக ஒரு மீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள பாதையில் முரண்மிகுதியை அளக்கும் கருவி உருவாகிவருகிறது.